மீனம்பாக்கத்தில் ஓரிரவு: அலுவல் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவல் வேலையாகச் சென்னைக்கு வந்து மறுநாள் விடியற்காலை விமானத்தைப் பிடிக்க வேண்டியவரும், நள்ளிரவில் வந்திறங்கிக் காலையிலேயே கூட்டத்துக்குச் செல்ல வேண்டியவரும் விமான நிலையத்துக்கு அருகில் குறைந்த வாடகையில் ஓர் அறை தேடுவது இயல்பு. மீனம்பாக்கம், பல்லாவரம், பழவந்தாங்கல், நங்கநல்லூர், ஆலந்தூர் என்று சுற்றுவட்டாரத்தில் இத்தகைய விடுதிகள் நிறையவே உண்டு. அறை சிறியதாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். தூங்கக் கிடைக்கும் ஐந்து மணி நேரமும் அலைச்சலில் கரைவதையும், ஊர் திரும்பிய பின் கணக்குப் பிரிவு பில்லைத் திருப்பி அனுப்புவதையும் பொறுத்துக்கொள்வது கடினம். இவ்விரண்டுக்குமான காரணம் பெரும்பாலும் முன்பதிவு செய்யும் நேரத்திலேயே உருவாகிவிடுகிறது.

முதலில் தேதி. விமானம் 15ஆம் தேதி அதிகாலை 12.40 மணிக்குத் தரையிறங்குகிறது என்றால், பயணச்சீட்டில் உள்ள தேதியைப் பார்த்துப் பலரும் 15ஆம் தேதிக்கே அறை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் விடுதிக் கணக்கில் 15ஆம் தேதி என்பது அன்று நண்பகலில்தான் தொடங்குகிறது. நள்ளிரவில் பெட்டியோடு போய் நின்றால், பதிவு இருந்தும் அறை இருக்காது, அல்லது இன்னொரு நாள் வாடகை கேட்பார்கள். இத்தகைய பயணத்துக்கு 14ஆம் தேதிக்கே பதிவு செய்ய வேண்டும். அதோடு, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதைப் பதிவிலேயே குறிப்பிட்டு, விமானம் ஏறுமுன் விடுதிக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிட வேண்டும். பணத்தை விடுதியில் செலுத்துவதாகப் பதிவு செய்தவர் இரவு பதினொரு மணி வரை வராவிட்டால், இனி வரமாட்டார் என்று எண்ணி அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் இடங்கள் உண்டு. உள்ளே நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கிடும் லாட்ஜுகளும் சென்னையில் இருக்கின்றன. நள்ளிரவில் வருபவருக்கு அவையே வசதி.

அடுத்து, தூரம். 'விமான நிலையத்திலிருந்து 2 கி.மீ.' என்று வரைபடம் காட்டுவதை அப்படியே நம்பக் கூடாது. ஜிஎஸ்டி சாலைக்கு (கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை) ஒரு புறம் விமான நிலையம், மறுபுறம் புறநகர் ரயில் பாதை, அதற்கும் அப்பால்தான் நங்கநல்லூர்; காரில் போனால் பாலத்தையோ சுரங்கப்பாதையையோ சுற்றித்தான் போக வேண்டும். பலத்த மழையில் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கிப் போக்குவரத்து நின்றுவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விந்தை என்னவென்றால், மிக அருகில் இருப்பதும் தொல்லையே. செயலி வழி டாக்சிகள் பயணிகளை ஏற்றுவது பல அடுக்கு வாகன நிறுத்தத்தில். பெட்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே போய்க் காத்திருக்கும்போது, இரண்டு கிலோமீட்டர் சவாரி என்று தெரிந்ததும் ஓட்டுநர்கள் ஒருவர் பின் ஒருவராக ரத்து செய்வது வாடிக்கை. வரிசையில் நின்று சவாரிக்காகக் காத்திருந்தவரின் கோணத்தில் அது புரிந்துகொள்ளக் கூடியதுதான், ஆனால் நம் தூக்கம் போய்விடுகிறது. பகலிலும் முன்னிரவிலும் மெட்ரோவே நல்லது: விமான நிலையத்துக்கு அடுத்தது மீனம்பாக்கம், பிறகு நங்கநல்லூர் சாலை, ஆலந்தூர். மெட்ரோ ஓடாத நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும், விடுதியே வண்டி அனுப்புமா, எந்த நேரம் வரை அனுப்பும், எந்த இடத்தில் நிற்கும், கட்டணம் எவ்வளவு என்ற நான்கையும் கேட்டறிந்த பிறகே பணம் கட்ட வேண்டும். 'இலவச பிக்கப்' என்ற வாசகம் பகலுக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கலாம்.

கூட்டம் எங்கே என்று பாராமல் விமான நிலையத்தையே மையமாகக் கொள்வதும் தவறு. ஒரகடத்தில் காலை ஒன்பது மணிக்கு வேலை இருப்பவர் ஆலந்தூரில் தங்குவதைவிடத் தாம்பரம் பக்கம் தங்குவது மேல். சோழிங்கநல்லூர் போக வேண்டியவருக்குப் பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலை தொடங்கும் இடத்துக்கு அருகில் அறை இருந்தால் காலை நெரிசலில் பாதி மிச்சம்.

பில் விஷயத்தில் பலரும் காட்டும் அலட்சியம்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு. அதற்கு முன் அது 12 ஆக இருந்தது. தங்கும் அறைக்கான வரி, விடுதி இருக்கும் மாநிலத்தை வைத்தே கணக்கிடப்படும். ஆகவே சென்னை விடுதி மத்திய வரியையும் தமிழ்நாட்டு மாநில வரியையும் போட்டே பில் தரும். கர்நாடகத்தில் மட்டும் வரிப் பதிவு பெற்ற நிறுவனம் அதை வரவாக எடுக்க, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டிலும் பதிவு இருந்தால், தலைமை அலுவலகத்தின் வரிப் பதிவு எண்ணைக் கொடுக்காமல், 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு எண்ணைக் கொடுக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரும் வரிப் பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும். முன்பதிவுத் தளம் அனுப்பும் உறுதிச்சீட்டு பில் ஆகாது. அதிகாலை நான்கு மணிக்கு ரிசப்ஷனில் இருப்பவர் பெரும்பாலும் இரவுக் காவலுக்கு வைத்த இளைஞர். கணினியைத் திறந்து வரி எண்ணைத் திருத்தும் அனுமதி அவரிடம் இருக்காது, 'மெயிலில் அனுப்பிவிடுகிறோம் சார்' என்பார். அதனால் முந்தைய இரவே பில்லை வாங்கி, ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்துவிடுவது நல்லது.

சென்னை முகவரியுள்ள அடையாள அட்டையை ஏற்க மறுக்கும் விடுதிகளும் உண்டு. எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ வீடு இருந்து, விடியற்காலை விமானத்துக்காக ஓரிரவு மட்டும் அறை எடுப்பவர்கள் இதில் சிக்கிக்கொள்கிறார்கள். முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். ஆதார் நகல் கொடுப்பதானால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்குமுன் சன்னல் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி சாலையைப் பார்த்த அறையில் இரவெல்லாம் பேருந்து, லாரி ஓசைதான். உள்புற அறை கேட்டால் காலியாக இருக்கும்போது கொடுத்துவிடுவார்கள். குளியலறைக் குழாயை அப்போதே திறந்து வெந்நீர் வருகிறதா, கீசரின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் வெந்நீர் காலை ஆறு மணிக்கு மேல்தான். இலவசச் சிற்றுண்டியும் ஏழரைக்கு முன் கிடைப்பது அரிது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பணம் திரும்பக் கிடைக்காத மலிவு விலைப் பதிவைத் தவிர்ப்பதே விவேகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போதும் மீண்டும் மூடப்பட்டது. போகியன்று காலையிலும் புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமாவது உண்டு. இத்தகைய நாள்களில் அறையைக் காலி செய்யுமுன் விமானத்தின் நிலையைப் பார்த்துவிட்டு, ஐயம் இருந்தால் ரிசப்ஷனில் சொல்லி அறையை இன்னொரு நாளைக்கு நிறுத்திவைக்க வேண்டும். வெளியேறிவிட்டுத் திரும்பி வருபவருக்கு அதே அறை அதே வாடகைக்குக் கிடைப்பதில்லை.