கைட்போர்டிங் கற்பவர் இடத்திலும் கருவியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற பருவத்தில் ஒரு மாலை, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி ஓர் இளைஞர் தம் கைட்டை, அதாவது போர்டில் நிற்பவரைக் காற்றின் விசையால் தண்ணீர்மேல் இழுத்துச் செல்லும் பெரிய பட்டத்தை, எழுப்ப மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருந்தார். கைட் உச்சிக்கு ஏறும், ஒரு கணம் தயங்கும், பிறகு பின்புறமாகச் சரிந்து பின்விளிம்பு முதலில் படும்படி தண்ணீரில் விழும். ஒவ்வொரு முறை விழும்போதும் அவர் குனிந்து தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பருவம் முழுவதும் நானும் அப்படித்தான் என் கைகளையே குற்றவாளியாக்கி நின்றேன்.

புதிதாகக் கற்பவரின் இக்கட்டு இங்கேதான் இருக்கிறது. ஒன்று தவறிப்போனால் அது தம் பிழையா, கருவியின் பிழையா, காற்றின் பிழையா என்று பிரித்தறிய அவருக்கு இன்னும் அனுபவம் இல்லை. பழகியவர், கைட்டைக் கட்டுப்படுத்தக் கையில் பிடிக்கும் கம்பியான பார் இழுக்கும் விதத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார்; கற்பவர் எல்லாவற்றையும் தம் தலையில் போட்டுக்கொள்வார். நீச்சல் தெரியாமல் இறங்குவது, இடிமேகம் கூடும்போது கைட்டை விரிப்பது, பயிற்சியாளர் இல்லாமல் தொடங்குவது போன்றவற்றை நான் இங்கே எழுதவில்லை. அவை தவறு என்பது அவற்றைச் செய்பவருக்கும் தெரியும். தவறு என்று தெரியாமலே செய்யப்படுபவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தண்ணீரைப் பார்த்து இடத்தைத் தேர்வது

புதியவர் கரைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது தண்ணீரை. அலை சிறியதா, ஆழம் குறைவா, அடியில் மணலா பாறையா என்பவை அவசியமான கேள்விகளே. ஆனால் அவை இரண்டாவதாகக் கேட்க வேண்டியவை. முதலில் கேட்க வேண்டியது, காற்று போகும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது. ஏனென்றால் கைட் உங்களை இழுத்துக்கொண்டு போகும் என்றால் அந்தப் பக்கம்தான் போகும். அங்கே பாறை, தூண், மின்கம்பி, நிறுத்திய படகு, குளிப்பவர்கள் என்று எது இருந்தாலும், நடுவில் உள்ள தூரம்தான் உங்கள் பாதுகாப்பு. பாரையும் கைட்டையும் இணைக்கும் கயிறுகளான லைன்களின் நீளம் பெரும்பாலும் 20 முதல் 24 மீட்டர் வரை இருக்கும். கைட்டே உங்களுக்கு அவ்வளவு தூரம் முன்னால் நிற்கிறது என்பதால், 50 மீட்டர் இடைவெளி என்பது பார்வைக்குத்தான் தாராளம். கற்பவருக்கு 100 மீட்டரைக் கூட நான் குறைவு என்றே சொல்வேன்.

அடுத்து, காற்று வரும் பக்கம். கரையில் நின்று பார்க்கும்போது மரங்களும் கட்டடங்களும் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் அவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காற்று ஒரு தடையைத் தாண்டியதும் சுழன்று குலைந்துவிடுகிறது. அந்தக் குலைவு தடையின் உயரத்தைப் போல் ஏழு மடங்குக்கும் அதிகமான தூரம் வரை நீடிக்கும். பத்து மீட்டர் உயரமுள்ள மரவரிசை என்றால், அதற்குப் பின்னால் குறைந்தது 70 மீட்டருக்குக் கைட் ஒரு கணம் துவளும், மறுகணம் வெட்டி இழுக்கும். அந்த இடத்தில் கைட்டை விரித்துவிட்டு, இன்று காற்று சரியில்லை என்று சொல்பவர்கள் பலர். காற்று நன்றாகத்தான் இருக்கிறது. அவர்கள் நிற்கும் இடம்தான் சரியில்லை.

ஆழத்தைப் பற்றி ஒரு சொல். முழங்காலுக்கும் கீழான தண்ணீர் பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் பத்தடி உயரத்துக்குத் தூக்கப்பட்டு விழுபவருக்கு அது ஈரமான தரை, அவ்வளவே. இடுப்பிலிருந்து மார்பு வரை ஆழமும் மணற்பாங்கான அடியும் உள்ள இடமே கற்பதற்கு ஏற்றது. நீர் ஏறி இறங்கும் கடற்கரைகளில், காலையில் அப்படி இருந்த இடம் மதியத்தில் வேறு இடமாகிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று

தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும், இறங்க வேண்டாம்.

கடலிலிருந்து நேராகக் கரைக்கு வீசும் காற்று

இதைப் பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள், காற்று தங்களைத் திரும்பக் கரையில் சேர்த்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். சேர்க்கும், உண்மைதான், ஆனால் எந்த வேகத்தில், கரையில் எதன்மேல் என்று அவர்கள் யோசிப்பதில்லை. கரையை ஒட்டியே நின்று விழுந்து எழும் முதல் நாட்களில் தரைதான் மிகப் பெரிய ஆபத்து. பக்கவாட்டிலிருந்து சற்றே கரை நோக்கிச் சாய்ந்து வீசும் காற்றே கற்பவருக்கு உரியது: கரையை விட்டு விலகவும் முடியும், கைட் கைவிட்டாலும் மெல்லக் கரை சேரவும் முடியும்.

பழைய “முழு செட்”

இப்போது என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறுக்கு வருகிறேன்.

பயிற்சி தொடங்கி மூன்றாம் நாள், விளையாட்டை விட்டு விலகும் ஒருவர் கைட், பார், ஹார்னஸ் (கைட்டோடு மாட்டிக்கொள்ள உடம்பில் அணியும் பட்டை), போர்டு எல்லாம் சேர்ந்த பழைய முழு செட்டை விற்பதாகக் கேள்விப்பட்டேன். எல்லாம் ஒரே பையில், தனித்தனியாக அலைய வேண்டியதில்லை, விலையும் மலிவு. கைட்டின் துணியை விரித்துப் பார்த்தேன், கிழிசல் இல்லை. அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அப்போது தெரியாது. வாங்கிவிட்டேன்.

அந்தக் கைட்தான் பின்புறமாகச் சரிந்து சரிந்து விழுந்தது. நான் பாரை அதிகம் இழுக்கிறேன் என்றார்கள், குறைத்தேன், விழுந்தது. உச்சியில் பொறுமையாக வைத்திரு என்றார்கள்; வைத்தேன், விழுந்தது. பருவம் முடியும் தறுவாயில் ஒரு மூத்தவர் என் பாரைக் கையில் வாங்கி, நான்கு லைன்களின் முனைகளையும் ஒரே கம்பத்தில் மாட்டிவிட்டு, பாரை முழுக்க உள்ளே இழுத்து, லைன்களை விறைப்பாகப் பிடித்துக் காட்டினார். நான்கும் சமமாக இருக்க வேண்டும். என்னுடைய முன் லைன்கள் இரண்டும் பின் லைன்களைவிட ஒரு சாண் நீளமாக இருந்தன.

காரணம் எளியது. இழுவிசையின் பெரும்பகுதியை முன் லைன்கள்தான் தாங்குகின்றன; ஆகவே ஆண்டுக்கணக்கில் அவைதான் அதிகம் நீள்கின்றன. முன் லைன்கள் நீண்டால் பின் லைன்கள் குட்டையானதற்குச் சமம். நீங்கள் பாரைத் தொடாமலே அது பாதி இழுக்கப்பட்ட நிலையில் இருக்கும். கைட்டின் பின்விளிம்பு எப்போதும் கீழே பிடித்திழுக்கப்படுவதால், காற்று அதன் மேற்பரப்பைத் தழுவி ஓடாமல் பிரிந்துவிடுகிறது. கைட் பறக்கும் தன்மையை இழந்து பின்னோக்கி விழுகிறது. நான்கு விரற்கடை வேறுபாடே ஒரு கைட்டைக் கெடுக்கப் போதும். பின் லைன்களை மாட்டும் கயிற்றில் உள்ள முடிச்சுகளில் ஒன்று தள்ளி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிட வேலைக்காக நான் ஒரு பருவத்தைத் தொலைத்தேன்.

நேரம் போனது மட்டும் என்றால் இவ்வளவு ஆத்திரம் வராது. அதே செட்டில் இருந்த குயிக் ரிலீஸை, அதாவது ஆபத்தில் கைட்டின் இழுவையிலிருந்து உடனே விடுபடத் திறக்கும் பூட்டை, சுமையோடு நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்கவில்லை. மணலும் உப்பும் இறுகி, தரையில் சும்மா கிடக்கும்போது திறந்தது. அந்த மூத்தவர் என் ஹார்னஸில் மாட்டி எதிரிலிருந்து தம் முழு எடையையும் கொடுத்து இழுத்தபோது இரண்டு கையால் தள்ளியும் திறக்கவில்லை. ரிலீஸ் தேவைப்படும் வேளை சுமை உச்சத்தில் இருக்கும் வேளைதானே! நாற்பது, ஐம்பது முறை அந்தப் பூட்டை நம்பித் தண்ணீரில் இறங்கியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. விற்றவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. பார்க்காமல் வாங்கிய என்மேல்தான்.

ஆகவே பழைய கருவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. செட்டாக வாங்காதீர்கள், ஒவ்வொன்றாகச் சோதித்து வாங்குங்கள், சோதிக்கத் தெரிந்தவரோடு போங்கள். கைட்டைக் காற்றடைத்துச் சில மணி நேரம் அப்படியே விட்டு, உள்ளே காற்றைப் பிடித்து வைக்கும் பைகளான பிளாடர்கள் தளர்கின்றனவா என்று பாருங்கள். துணியில் கிழிசல் இல்லாவிட்டாலும், வெயிலில் கிடந்து பளபளப்பும் மொரமொரப்பும் போய் மெழுகுத்தாள் போல் துவண்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பார் அதே கைட்டுக்காகச் செய்யப்பட்டதா என்று கேளுங்கள்; ஒரு நிறுவனத்தின் கைட்டும் இன்னொன்றின் பாரும் பார்வைக்குப் பொருந்தினாலும், கைட்டைச் சரியவிடும் பாதுகாப்பு லைன் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

எவ்வளவு பழையது என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. காற்றடைத்த கைட்டுக்கு பிரான்ஸின் லெகேஞூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதன்பின் நெடுங்காலம் புழங்கிய ஆழ்ந்த வளைவுள்ள சி கைட்டுகளில், பாரைத் தள்ளிவிட்டாலும் இழுவிசை கொஞ்சம்தான் குறையும். 2005ஐ ஒட்டிப் பரவிய, பின்விளிம்பு குழிந்த “போ” (bow) கைட்டுகளில்தான் பாரைத் தள்ளியதும் ஏறக்குறைய முழு விசையும் விழத் தொடங்கியது. அந்த மாற்றத்துக்கு முந்தைய கைட்டை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் கற்பவர் வாங்கக் கூடாது. ரிலீஸுக்கு என்றே ஐஎஸ்ஓ 21853 என்ற பன்னாட்டுத் தரநிலை 2020இல்தான் வந்தது. பாரை மட்டும் புதிதாக வாங்குவது என்று முடிவெடுத்தால், அதைக் கேட்டு வாங்கலாம். எனக்கு ஒரே ஒரு பொருளைப் புதிதாக வாங்கத்தான் வசதி என்றால், கைட்டை விட்டுவிட்டுப் பாரைத்தான் வாங்குவேன்.

ஒரே கைட்டில் எல்லாக் காற்றையும் சமாளிக்க நினைப்பது

பெரும்பாலான நாட்களில் காற்று மெதுவாக இருக்கிறது என்று 12 சதுர மீட்டர் கைட்டை முதல் கைட்டாக வாங்குகிறார்கள். காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடியாக ஏறுகிறது: 15 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) 20 நாட் ஆகும்போது வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, இழுவிசையோ ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. 12 நாட் 24 நாட் ஆனால் நான்கு மடங்கு. கரையில் இறங்கும்போது சுகமாக இருந்த கைட், ஒரு மணி நேரத்தில் உங்கள் கையை மீறுவது இப்படித்தான். 75 கிலோ எடையுள்ளவர் 20 நாட் அளவில் கற்க 9 சதுர மீட்டர் போதும். எடை குறைந்தவருக்கு அதிலும் சிறியது. காற்று போதாத நாளில் நீங்கள் இழப்பது ஒரு மாலைப் பொழுதை மட்டுமே.

கரையில் எல்லோரும் என்ன அளவு விரித்திருக்கிறார்கள் என்று பார்த்து அதையே விரிப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். அவர்களுடைய எடை வேறு, போர்டு வேறு. மிஞ்சிய விசையைப் போர்டின் விளிம்பால் கடித்து அடக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. அவர்களிடம் கேட்க வேண்டியது கைட்டின் அளவை அல்ல. கடந்த அரை மணி நேரத்தில் காற்று எவ்வளவு ஏறி இறங்கியது என்பதை.

சிறிய போர்டு

அழகாக இருக்கும், மிதக்காது. 140 சென்டிமீட்டருக்குக் குறையாத, அகலமான ட்வின் டிப் போர்டை (இரு முனையும் ஒரே மாதிரி இருப்பது) எடுங்கள்.

போர்டைக் கயிற்றால் உடம்போடு கட்டுவது

போர்டு தொலைந்துவிடும் என்ற பயத்தில் கட்டுகிறார்கள். நீங்கள் விழுந்து கைட் உங்களை இழுக்கும்போது போர்டு தண்ணீரில் தடைபட்டு, கயிறு விறைத்து, கவணிலிருந்து வரும் கல்லைப் போல் தலைக்கு வரும். கைட்டை வைத்தே உடம்பைத் தண்ணீரில் இழுத்துச் சென்று போர்டை எடுக்கும் முறையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அது வரும்வரை போர்டே வேண்டாம். தலைக்கவசம், மிதவைத் திணிப்புள்ள மேற்சட்டை, லைன் அறுக்கும் கொக்கிக் கத்தி ஆகிய மூன்றுக்கும் விலை பார்க்க வேண்டாம்.

காற்றைக் குறைவாக அடைப்பது

கைட்டின் முன்விளிம்பில் காற்றடைக்கும் குழாயான லீடிங் எட்ஜ் மேல் எழுதியிருக்கும் அளவுவரை அடியுங்கள், சுண்டினால் ஒலிக்க வேண்டும். தொளதொளத்த கைட் தண்ணீரில் விழுந்தால் மடிந்து கிடக்கும், எழாது.

ரிலீஸை ஆபத்தில் முதன்முறையாகத் திறப்பது

நான் மாற்றிக்கொண்ட பழக்கம் இது: ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும், ஹார்னஸில் மாட்டி, பாரை யாராவது பிடித்திழுக்க, கண்ணை மூடிக்கொண்டு கையால் தேடித் தள்ளித் திறப்பேன். கண்ணை மூடுவது விளையாட்டுக்காக அல்ல. நுரையில் உருளும்போது எதுவும் தெரியாது. திறந்ததும் எல்லாவற்றையும் மீண்டும் பூட்டி, பூட்டியது சரிதானா என்று இன்னொருவரிடம் காட்டுவேன். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுவேன். இதற்குச் சிரிப்பவர்கள் உண்டு.

அந்த மாலை அந்த இளைஞரிடம் போய், கைட்டைக் கரையில் இறக்கச் சொல்லி, அவருடைய லைன்களைப் படகு கட்டும் முளையில் மாட்டிப் பார்த்தோம். ஏழெட்டு விரற்கடை வேறுபாடு இருந்தது. முடிச்சை மாற்றியதும், தண்ணீருக்குத் திரும்ப ஓடப் பார்த்தார். தடுத்து ரிலீஸைச் சுமையோடு திறக்கச் சொன்னேன். முதல் முறை திறக்கவில்லை, இரண்டாம் முறையும் திறக்கவில்லை. காற்று அருமையாக வீசிக்கொண்டிருக்க, அவர் கைட்டின் காற்றைப் பிடுங்கிவிட்டு, கரையில் உட்கார்ந்து வாளித் தண்ணீரில் அந்த ரிலீஸிலிருந்து மணலைக் கழுவத் தொடங்கினார். இது யாரிடம் வாங்கியது என்று கேட்டேன். முழு செட்டாகக் கிடைத்தது என்றார்.