புது ரீஃப் தொட்டியில் கால்சியமும் ஆல்கலினிட்டியும்: ஊற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்து நான்காவது மாதம். பாறைகளில் கோரலைன் பாசி ஊதா நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. மான்டிபோரா என்ற பவளம் புதிதாக விளிம்பு விட்டிருந்தது. அந்த வாரம்தான் என் ஆல்கலினிட்டி (பவளம் கூடு கட்ட எடுக்கும் பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு; அலகு டி.கே.எச்.) 7-க்கு இறங்கிவிட்டதாக டெஸ்ட் கிட் காட்டியது. அதை ஏற்றத் தினமும் ஆப்ப சோடா கரைத்து ஊற்றினேன். பத்து நாளில் ஹீட்டர் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலம், மான்டிபோராவின் விளிம்பு வெளுத்துவிட்டது, கால்சியமும் குறைந்தது. உண்மையில் ஆல்கலினிட்டி இறங்கவே இல்லை. நான் அளந்த விதம்தான் தப்பு.

முதலில் உப்பு. 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி 1.026. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. கரைசலை வைத்துச் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டுவது போதாது. உப்பு குறைந்தால் கால்சியம், ஆல்கலினிட்டி, மெக்னீசியம் மூன்றும் சேர்ந்தே குறையும்.

அடுத்து அளவு. என் இலக்கு ஆல்கலினிட்டி 8 டி.கே.எச்., கால்சியம் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு), மெக்னீசியம் 1300 பி.பி.எம். ஒரே நிலையில் நிற்பதுதான் முக்கியம். 7.5-இல் அசையாமல் நிற்கும் தொட்டியில் கை வைக்காதீர்கள்.

நான் சறுக்கிய இடம் இதுதான். நான் பயன்படுத்துவது சாலிஃபெர்ட் பிராண்டின் ஆல்கலினிட்டி டெஸ்ட் கிட். 4 மி.லி. தொட்டித் தண்ணீர், நிறம் காட்டும் இண்டிகேட்டர் இரண்டு சொட்டு. அப்புறம் 1 மி.லி. சிரிஞ்சில் கிட்டில் உள்ள மருந்தை (சோதனைக் கரைசலை) இழுக்க வேண்டும். முனையில் பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருப்பதால், மருந்துக்கும் கறுப்பு ரப்பருக்கும் நடுவே கொஞ்சம் காற்று நிற்கும். நிற்கட்டும். பார்க்க வேண்டியது ரப்பரின் முனைப்பக்க விளிம்பை, அது 1.00 கோட்டில் இருக்க வேண்டும். நானோ மருந்தின் மட்டத்தை 1.00-க்குக் கொண்டுவர இன்னும் இழுத்தேன். அதைத் தண்ணீரில் விட்டு, நீலப்பச்சை மாறி இளஞ்சிவப்பு ஆனதும், மீதியை மட்டும் ரப்பரை வைத்துப் படித்தேன். அந்தச் சின்னக் காற்று இடைவெளி ஒரு டி.கே.எச்.-க்கு மேல் குறைத்துக் காட்டிவிட்டது. சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்குங்கள்.

இப்போது மூன்று நாள் எதுவும் ஊற்றாமல், தினம் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டியை அளந்து எழுதி வையுங்கள். வித்தியாசமே தெரியவில்லையா? வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும். பவளம் நாலைந்து மட்டும் உள்ள புதுத் தொட்டிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். எனக்கு மூன்று நாளில் 0.9 குறைந்தது, ஒரு நாளைக்கு 0.3.

100 லிட்டரில் 1 டி.கே.எச். ஏற்ற 3 கிராம் ஆப்ப சோடா. பாறையும் மணலும் அடைக்கும் இடம் போக, நிஜமாக உள்ள தண்ணீரைக் கணக்கில் எடுங்கள். என் 100 லிட்டருக்குத் தினம் 0.9 கிராம், கால் டீஸ்பூன்கூட இல்லை. ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, சம்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் தொட்டியில்) ஓட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளில் 1 டி.கே.எச்.-க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

பவளம் 1 டி.கே.எச். எடுக்கும்போது கால்சியம் 7 பி.பி.எம். அளவுதான் எடுக்கும். அதனால் கால்சியத்தை வாரம் ஒருமுறை அளந்தால் போதும். 100 லிட்டரில் 10 பி.பி.எம். ஏற்ற 3.7 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். கரைக்கும்போது பாத்திரம் சுடும், ஆறவிட்டு ஊற்றுங்கள். சோடாவும் இதுவும் ஒன்றாகச் சேரவே கூடாது. சேர்ந்தால் பால் போலத் திரிந்து சுண்ணாம்பாக அடியில் படியும். நடுவில் அரை மணி நேரமாவது விடுங்கள்.

தானாக அளந்து ஊற்றும் டோசிங் பம்ப் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் காசில் 0.1 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள்.

பின்சேர்க்கை: சோடா போட்டும் ஏறவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் போட்டது பேக்கிங் பவுடர். அதில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும், பாஸ்பேட்டும் இருக்கலாம். பாக்கெட்டில் சோடியம் பைகார்பனேட் மட்டும் என்று இருக்கிறதா, பாருங்கள்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு: நான் இருப்பது சிங்கப்பூரில். இந்தியாவில் கல் பவளங்கள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.