தினமும் ஓட்ட ஒரு டுகாட்டி: பழைய மான்ஸ்டரை வாங்கி வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

"சார், 12 வருஷத்துல 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. கவர் போட்டு நிறுத்தி வெச்ச வண்டி." பழைய டுகாட்டியை விற்பவர்கள் இதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். நானும் அதில் மயங்கியே என் மான்ஸ்டர் 795 பைக்கை வாங்கினேன். நான் பார்த்தவரை, இந்த வண்டிகள் ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதே அதிகம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் ஓட ஆரம்பித்த பிறகுதான் என் வண்டி ஒழுங்காக இருக்கிறது.

முதல்முறை இத்தாலிய வண்டி வாங்க நினைப்பவர்களுக்காக, நான் செய்ததையும் செய்திருக்க வேண்டியதையும் வரிசையாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு 795-ஐயே எடுத்துக்கொள்வோம். 2012-இல் இந்தியாவுக்கு வந்தது. தாய்லாந்தில் ஒன்றுசேர்க்கப்பட்டதால் அன்றைய டுகாட்டிகளில் இதன் விலை குறைவு. 803 சி.சி., காற்றில் குளிரும் எஞ்சின், 87 குதிரைத்திறன். பெட்ரோல், ஆயில் எதுவும் இல்லாமலே 167 கிலோ.

படி 1: கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், பில்லைப் பாருங்கள்

795 போன்ற டுகாட்டி எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுற்றுவது சங்கிலி அல்ல, இரண்டு ரப்பர் பெல்ட்டுகள். 1979-இல் வந்த பாண்டா மாடலில் தொடங்கிய வழக்கம் இது. இந்தப் பெல்ட் ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அதற்குப் பிறகு நீங்கள் பேசப்போவது பெல்ட் விலை இல்லை, எஞ்சின் விலை.

இந்தத் தலைமுறை எஞ்சினுக்குப் பெல்ட் மாற்றும் கணக்கு 24,000 கி.மீ. அல்லது 5 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. 9,000 கி.மீ. ஓடிய வண்டிக்கு "இன்னும் டைம் இருக்கு சார்" என்பார்கள். 12 வருடம் ஒரே இடத்தில் மடிந்து கிடந்த ரப்பர் அது. பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

அடுத்தது வால்வு. சாதாரண எஞ்சினில் வால்வைத் திறக்க கேம், மூட ஸ்பிரிங். இந்த டுகாட்டியில் திறக்க ஒரு ராக்கர் (சின்ன நெம்புகோல்), மூட இன்னொரு ராக்கர். இதற்கு டெஸ்மோ என்று பெயர். 1956-இல் ஃபாபியோ டாக்லியோனி பந்தய வண்டிக்காகச் செய்தது. இதனால் ஒரு வால்வுக்கு இரண்டு இடைவெளிகளை அளக்க வேண்டும். 795-இல் சிலிண்டருக்கு இரண்டாக மொத்தம் நான்கே வால்வு, ஆகவே எட்டு அளவு. சிலிண்டருக்கு நான்கு வால்வு ஹெட் உள்ள பெரிய இரட்டைச் சிலிண்டர் மாடல்களில் பதினாறு. கூலி ஏன் ஏறுகிறது என்பதற்கு இதுதான் காரணம். தொடக்கக்காரர்களுக்கு இரண்டு வால்வு ஹெட் வண்டியையே சொல்வதற்கும் இதுதான் காரணம்.

ஆர்.சி.யையும் மறக்காதீர்கள். தனியார் வண்டிப் பதிவு 15 ஆண்டு. 2012 வண்டி என்றால் 2027-இல் புதுப்பிக்க வேண்டிவரும். அதையும் பேரத்தில் சேருங்கள்.

படி 2: வந்ததும் பெல்ட், திரவங்கள்

பெல்ட் வேலையை முதல்முறை நீங்களே செய்ய வேண்டாம். டுகாட்டி எஞ்சினைத் திறந்து பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். எஞ்சினின் வலப்பக்க மூடியைக் கழற்றினாலே பெல்ட் தெரியும். இறுக்கத்தை அளப்பது பார்க்கவே அழகு. தம்புராத் தந்தியை மீட்டுவதுபோல் பெல்ட்டை விரலால் சுண்டி, அது எழுப்பும் ஒலியின் அதிர்வெண்ணை அளந்து சுருதி சேர்ப்பார்கள். இப்போது கைபேசிச் செயலியே போதும் என்கிற மெக்கானிக்குகளும் உண்டு.

கூடவே எஞ்சின் ஆயில் (15டபிள்யூ-50), பிரேக் ஆயில், கிளட்ச் ஆயில் மூன்றையும் மாற்றிவிடுங்கள். இதன் கிளட்ச் ஒயரில் இயங்குவதில்லை, ஹைட்ராலிக். அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும், சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம். நான் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

படி 3: பேட்டரி

வண்டி வந்ததும் நான் முதலில் செய்த செலவு என்ன தெரியுமா? சத்தமான சைலன்சர். ஐப்பசி மழையில் ஐந்து வாரம் வண்டியை எடுக்கவில்லை. மழை விட்ட ஒரு திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுக்குமாடியின் சாய்தளத்தில் வாட்ச்மேன் அண்ணனும் நானும் மூச்சு வாங்கத் தள்ளினோம். "இவ்ளோ பெரிய வண்டிக்கு கிக்கர் இல்லையா தம்பி?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த வண்டியின் பேட்டரி வெறும் 10 ஆம்பியர்-அவர். பெரிய இரண்டு சிலிண்டரைச் சுழற்றவேண்டிய சின்னப் பேட்டரி. ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், இப்படிப் பாருங்கள்.

வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து பேட்டரி முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து மறுபடி அளக்கவும். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே இருந்தால் சரி. எழும்பவே இல்லையென்றால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் அதற்குப் போகும் கனெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். கனெக்டர் கருகியிருப்பது அபூர்வமில்லை.

முடிந்தால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒரு சார்ஜிங் ஒயரை சீட்டுக்கு வெளியே எடுத்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது பராமரிப்பு சார்ஜரைச் சொருகிவிட்டுப் போகலாம். நான் செய்ததிலேயே மலிவான, அதிகம் பயன்பட்ட மாற்றம் இதுதான்.

படி 4: டயர்

முன்னால் 120/70, பின்னால் 160/60, இரண்டும் 17 அங்குலம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அவ்வளவு பழையதென்றால், பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் கட்டையாகிப் போயிருக்கும், யோசிக்காமல் மாற்றுங்கள். பந்தய டயர் வேண்டாம். நகர ஓட்டத்தில் அது சூடாகவே செய்யாது. மழைக்கும் பழகிய ஸ்போர்ட் டூரிங் டயர் போதும்.

படி 5: சஸ்பென்ஷனை உங்கள் எடைக்கு அமைப்பது

இதற்குச் செலவு இல்லை, ஒரு நண்பரும் ஒரு டேப்பும் போதும். முதலில் பின்பக்கம். சக்கரம் தரையில் படாதபடி தூக்கச் சொல்லி, அச்சிலிருந்து நேர் மேலே வாலில் ஒரு புள்ளி வரை அளக்கவும். பிறகு ஹெல்மெட், பை, ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு வண்டியில் உட்காருங்கள். நண்பர் அதே அளவை மறுபடி எடுக்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 30 மி.மீ. அளவில் வந்தால் நல்லது. அதிகமாக அமுங்கினால் ஷாக் அப்சர்பரின் வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் இறுக்குங்கள். அமுங்கவே இல்லையென்றால் தளர்த்துங்கள்.

முன் ஃபோர்க்கின் குழாயில் ஒரு கேபிள் டை கட்டிவிட்டால் எவ்வளவு அமுங்குகிறது என்று தெரிந்துவிடும். 30 முதல் 35 மி.மீ. வரலாம். ஆனால் 795-இன் முன் ஃபோர்க்கில் திருகுவதற்கு எதுவும் இல்லை. அளவு ஒத்துவராவிட்டால் ஸ்பிரிங்கையும் ஆயிலையும்தான் மாற்ற வேண்டும். பல்லாவரம் பக்கத்து வேகத்தடைகளில் இடுப்பு வலித்தது எனக்கு இந்த ஒரு வேலையில் பாதி போய்விட்டது.

படி 6: முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது

இந்த எஞ்சின் மேல் கியரில் 3,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே உதறும். குரோம்பேட்டை நெரிசலில் கிளட்சைப் பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்துவிடும். பழைய டுகாட்டிக்காரர்களின் வைத்தியம், எஞ்சின் பக்கத்தில் செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் 15 பல்லுக்குப் பதில் 14 போடுவது. அதே ஆர்.பி.எம்.மில் வேகம் சுமார் 7 சதவீதம் இறங்கும். மெதுவாகப் போகும்போது வண்டி வழுக்கிக்கொண்டு போகும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், அதை ஜி.எஸ்.டி. சாலையில் யார் தேடப் போகிறார்கள்?

செயின் தேய்ந்திருந்தால் செயினையும் பின் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த செயினில் புதுப் பல் நிலைக்காது. வேலை முடிந்ததும் செயினின் தொய்வை, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் ஸ்டிக்கரில் உள்ளபடி வையுங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, செயின் அதிகம் இறுகும் இடத்தில் அளக்கவும்.

படி 7: வெயிலும் பெட்ரோலும்

பின் சிலிண்டர் உங்கள் தொடைக்கு நடுவே இருக்கிறது. சித்திரை மாதச் சிக்னலில் அது அடுப்பு. நீண்ட சிக்னலில் அணைத்துவிடுவேன். காற்றுப்படாமல் நிற்பது எஞ்சினுக்கும் நல்லதில்லை. தடித்த ஜீன்ஸ் கட்டாயம்.

பெட்ரோல் 95 ஆக்டேன் என்கிறது கையேடு. பம்பில் எழுதியிருப்பதைப் பார்த்துப் போடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சங்கடம் உண்டு. அந்தக் காலத்து டுகாட்டிகள் சிலவற்றின் பிளாஸ்டிக் டேங்குகள் எத்தனாலில் ஊதிப் பெருத்தன, அமெரிக்காவில் அது வழக்குவரை போனது. மாதக் கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலிசெய்து உலரவிடுங்கள். தினமும் ஓட்டுபவருக்கு இந்தக் கவலை குறைவு.

படி 8: சைலன்சர், கடைசியில்

மேலே உள்ளதெல்லாம் முடிந்து, கையில் பணம் மிஞ்சினால் யோசிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. சத்தத்துக்குத் தனியாக அபராதம். போதாததற்கு, புகைபோக்கி முழுவதையும் மாற்றினால் எரிபொருள் அமைப்பையும் திருத்த வேண்டும், இல்லையென்றால் அந்த உதறல் கூடும். அந்தச் சத்தமான சைலன்சர் இருந்தவரை, எங்கள் தெருவில் காலை ஆறரை மணிக்கு நான் கிளம்பினால் எதிர்வீட்டுக் குழந்தை எழுந்து அழும்.

கம்பெனி சைலன்சரை நல்லவேளை விற்காமல் பரணில் போட்டிருந்தேன். இப்போது அது வண்டியில் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியது பரணில் இருக்கிறது.