சைலன்சர் வெல்டிங்: பழசின் மேல் புதுசு அடிக்காதீர்கள்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியே அடிக்கடி பெயிண்ட் கேட்கிற ஊரில், காருக்கு அடியில் தொங்கும் மெல்லிசுக் குழாய் என்ன பாடுபடும்? ஆனால் பழியை முழுக்க உப்புக்காற்றின் மேல் போட்டுவிட முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சைலன்சர் வழியே போகிறது. மஞ்சக்குப்பத்தில் வண்டியை எடுத்து, திருப்பாதிரிப்புலியூரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால், குழாய் நன்றாகச் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். அந்தத் தண்ணீர் லேசான அமிலமாக உள்ளேயே தங்கி அரிக்கும். வெளியே ஒரு ஓட்டை தெரிகிறது என்றால், அதைச் சுற்றிலும் உள்பக்கம் ஏற்கெனவே காகிதமாகியிருக்கும்.

வீட்டில் சைலன்சரை வெல்டிங் அடிக்கிறவர்கள் செய்கிற முதல் தப்பு இங்கேதான் தொடங்குகிறது. ஒழுகுகிற பழைய வெல்டின் மேலேயே இன்னொரு வரி அடிப்பார்கள். நானும் அடித்தேன். பார்க்கக் கெட்டியாக, புற்று மாதிரி இருந்தது. நாலே மாதத்தில் அதன் ஓரத்தில் ஒரு விரற்கடை தள்ளிப் புதிதாக விரிசல். காரணம் எளிது. பழைய வெல்டுக்குள் கசடு, துரு, கரி எல்லாம் இருக்கிறது. அதை மறுபடி உருக்கினால் காற்றுக் குமிழி கிளம்பி ஊசித் துளைகளாக உறையும். மேலே உலோகம் ஏற ஏறக் கட்டி கனமாகுமே தவிர, பக்கத்துக் குழாய் அதே மெல்லிசுதான். வண்டி அதிரும்போது கட்டிக்கும் குழாய்க்கும் நடுவே கிழியும்.

ஆகவே பழையதை முழுசாக எடுக்க வேண்டும். எவ்வளவு தூரம்? சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டிங்’ என்கும், செத்த இடம் ‘டொக்’ என்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். நான் ஓர் அங்குலம் வெட்டினால் போதும் என்று நினைத்த இடத்தில் நாலு அங்குலம் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டுவதற்கு முன், இணைப்பின் இரண்டு பக்கமும் தொடுகிற மாதிரி ஆணியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது குழாய் எந்தக் கோணத்தில் இருந்தது என்பது அந்தக் கோட்டைத் தவிர யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழைந்திருக்கிற இணைப்பு என்றால் குறுக்கே வெட்டாதீர்கள். வெல்டின் மேட்டை மட்டும் தேய்த்துவிட்டு, வெளிக் குழாயில் மட்டும் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, உளியால் விரித்தால் உள்குழாய் சேதமில்லாமல் கழன்று வரும். இதற்குப் பொறுமை வேண்டும். பொறுமையில்லாதவர்கள்தான் ஒரு மில்லிமீட்டர் கட்டிங் வீலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்ப்பார்கள். அது வெட்ட மட்டுமே. பக்கவாட்டில் அழுத்தினால் உடைந்து பறக்கும். தேய்க்கக் கனமான கிரைண்டிங் வீல் தனியாக இருக்கிறது. மூடியைக் கழற்றி வீசிவிட்டு கிரைண்டர் ஓட்டுவது நம் பட்டறைகளில் வீரமாகிவிட்டது. அதைப் பார்த்து வீட்டில் செய்யாதீர்கள்.

வண்டிக்கு அடியில் போவதைப் பற்றி ஒன்று. நம் பக்கம் பல வீட்டு வாசல் மணல்தரை. ஜாக்கி மெதுவாகப் புதையும், ஒருநாள் சட்டென்று சாயும். கெட்டியான பலகை போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே படுக்க வேண்டும். அப்புறம் பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ், அடியில் பூசிய தார் பூச்சு: தீப்பொறி எங்கே விழும் என்று முதலில் பாருங்கள். முடிந்தால் சைலன்சரைக் கழற்றி, வண்டியை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் அடியுங்கள். வண்டியிலேயே அடித்தாக வேண்டும் என்றால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே, சுத்தமான இரும்பில் மாட்டுங்கள். எங்கோ பாடியில் மாட்டினால் கரண்ட் தனக்குப் பிடித்த வழியில் போகும். அந்த வழியில் விலை உயர்ந்த எலெக்ட்ரானிக்ஸ் இருக்கலாம்.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கக் கையில் கிடைத்த பிரேக் கிளீனரை அடிக்கிற பழக்கம் மிக ஆபத்தானது. அதில் குளோரின் கலந்த கரைப்பான் இருந்தால், வெல்டிங் சூட்டிலும் வெளிச்சத்திலும் பாஸ்ஜீன் உருவாகும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. கம்பி பிரஷ்ஷே போதும்.

வெட்டிய இடத்துக்கு என்ன குழாய் போடுவது? மோட்டாருக்கு வாங்கி மிஞ்சிய, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் எல்லார் வீட்டிலும் ஒரு முழம் இருக்கும். வேண்டாம். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகும். இரும்பு உருகவோ 1500 டிகிரி வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் அடிக்கும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். பால் நுரையீரலுக்குப் போவதில்லை. தவிர அந்தக் குழாய் கனமானது. 1.5 மில்லிமீட்டர் சைலன்சர் குழாயோடு சேர்த்து உருக்கும்போது மெல்லியது முதலில் போய்விடும். அதே கனத்தில் துத்தநாகப் பூச்சில்லாத எம்.எஸ். (சாதா இரும்பு) குழாய் கேட்டு வாங்குங்கள்.

கேட்டும் கிரில்லும் அடிக்கிற 10 நம்பர் ராடு 3.15 மில்லிமீட்டர். அதை வைத்து சைலன்சரைத் தொட்டால் ஓட்டையை அடைக்கப் போய் ஓட்டையைப் பெரிதாக்குவீர்கள். 2 மில்லிமீட்டர் ராடு, 40 முதல் 50 ஆம்பியர். வரி இழுக்காமல் புள்ளி புள்ளியாக வைத்து, ஒரு பக்கம் வைத்தால் அடுத்ததை எதிர்ப்பக்கம் வையுங்கள். கார்த்திகை மழையில் பிரித்துக் கிடந்த ராடு ஈரத்தை இழுத்திருக்கும். அதில் அடித்தால் வெல்டு முழுக்கப் பொரிபொரியாக வரும்.

வாயு வைத்து மிக் வெல்டிங் அடிப்பவர்கள் மத்தியானத்துக்குப் பிறகு வாசலில் உட்காரக் கூடாது. கடல்காற்று ஏறியதும் பாதுகாப்பு வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும். காலையிலேயே முடித்துவிடுங்கள். வாயு தேவையில்லாத ஃப்ளக்ஸ் வயர் என்றால் டார்ச் மைனஸில் இருக்க வேண்டும். மெஷினில் முனையை மாற்ற மறந்துவிட்டு வயரைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

கழற்றிய குழாயைத் தரையில் வைத்தே முழுசாக அடித்து முடிப்பதும் தப்புதான். தொங்கவிடும் ரப்பர்களை மாட்டி, ஃபிளாஞ்சு (குழாய்களை இணைக்கும் தட்டு) போல்ட்டு போட்டு, வண்டியில் இயல்பாகத் தொங்கும் நிலையில் நாலு டேக், அதாவது தற்காலிகப் புள்ளி வெல்டு, மட்டும் போடுங்கள். பிறகு இறக்கி முழு வெல்டு. ஃபிளாஞ்சை அடிக்கும்போது அதற்கு இணையான இன்னொரு தகட்டோடு முடுக்கிவிட்டு அடித்தால் வளையாது.

முன்பக்கம் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் இருந்தால், அதில் சுத்தியல் படக் கூடாது. உள்ளே இருப்பது பீங்கான் தேன்கூடு. ‘அதை எடுத்துட்டு நேர்க்குழாய் போட்டுடு, பிக்கப் ஏறும்’ என்று சொல்பவர் எப்படியும் ஒருவர் வருவார். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் மீட்டரில் லைட் எரியும், புகைச் சோதனையில் மாட்டுவீர்கள், சட்டப்படியும் குற்றம். ஆக்சிஜன் சென்சாரையும் வெல்டுக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

‘ஒரே ஒரு டேக்தானே’ என்று வெறுங்கண்ணால் அடித்தவர்களுக்கு நள்ளிரவில் தெரியும், கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி. உருளைக்கிழங்கு, தாய்ப்பால் என்று எதையும் கண்ணில் விடாமல் கண் டாக்டரிடம் போங்கள். புதுச்சேரி பக்கம் இருப்பவர்களுக்கு தவளக்குப்பத்தில் அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது.

முடிந்ததும் திறந்தவெளியில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வால் குழாயை ஈரத் துணியால் ஒரு கணம் அடைத்து, வெல்டின் பக்கம் ‘உஸ்’ வருகிறதா என்று கேளுங்கள். சென்சாருக்கு முன்னால் கசிந்தால், உள்ளே புகும் வெளிக்காற்றைப் பார்த்து ஏமாந்து இன்ஜின் பெட்ரோலைக் கூட்டிக் குடிக்கும். சத்தம் இல்லையென்றால், ஆறிய பிறகு சூடு தாங்கும் அலுமினியம் பெயிண்ட் இரண்டு கோட்டிங். சாதாரண பெயிண்ட் முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு ஃபிளாஞ்சு போல்ட்டுகளை இன்னொரு தடவை முடுக்குங்கள்.