ஆமிஷ் காதல் கதை படிக்கிறவர்களுக்கு

அட்டையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண், பின்னால் சோளக்காடு, தூரத்தில் ஒரு குதிரை வண்டி. ஆமிஷ் காதல் நாவல் என்றால் இப்படித்தான் இருக்கும். ஆமிஷ் என்பவர்கள் சொந்தக் கார் வேண்டாமென்று பழைய முறையில் எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். நான் இருக்கும் பென்சில்வேனியாவில் இந்த அட்டைகளுக்கென்றே நூலகத்தில் ஓர் அலமாரி உண்டு. எங்கள் சர்ச் பெண்கள் நடுவில் இவை கைமாறிக்கொண்டே இருக்கும். "தைரியமா படிங்க அக்கா, அசிங்கமே இல்லை" என்பதுதான் வழக்கமான சிபாரிசு. உண்மைதான். ஆனால் விசுவாசத்தைப் பற்றி இந்தக் கதைகளிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், கொஞ்சம் விழிப்பாகப் படிக்க வேண்டும்.

முதலில் பின்னட்டையில் எழுத்தாளர் குறிப்பைப் பாருங்கள். 1997-இல் பெவர்லி லூயிஸின் 'தி ஷன்னிங்' வந்து சக்கைப்போடு போட்ட பிறகு கிளம்பிய அலை இது. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆமிஷ் அல்ல, தனிப்பட்ட மனந்திரும்புதலையும் இரட்சிப்பின் நிச்சயத்தையும் வலியுறுத்தும் இவாஞ்சலிக்கல் சபைகளைச் சேர்ந்தவர்கள். ஆகவே ஒரே கதைக்குள் இரண்டு விசுவாசங்கள் ஓடும். நாயகி ராத்திரி கொட்டகையில் தனியாக அழுது ஜெபித்து, "நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன்" என்று நிச்சயத்தோடு எழுந்தால், பேசுவது எழுத்தாளரின் சபை. பழைய முறை ஆமிஷ்காரர் அப்படிச் சொல்லக் கூசுவார். தீர்ப்பு தேவனுடையது, நாம் நம்பிக்கையோடு காத்திருக்கலாம், அதற்கு மேல் பேசினால் பெருமை என்பது அவர்கள் எண்ணம். நான் பென்சிலால் ஓரத்தில் 'ஆ' (ஆமிஷ்), 'எ' (எழுத்தாளர்) என்று குறித்துக்கொண்டே போவேன். நூலகப் புத்தகமென்றால் ஒட்டுத்தாள். எந்தப் பக்கம் சரி என்று உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம், பிரித்துப் பார்த்தாலே போதும்.

அடுத்து, நாயகி ஞானஸ்நானம் எடுத்துவிட்டாளா என்று தேடுங்கள். கதையின் முடிச்சே அங்கேதான். ஆமிஷ் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. 1525-இல் சூரிச்சில் இவர்களுடைய முன்னோர் குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்தார்கள். அதற்காகச் சிலரை ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். ஆகவே பதினெட்டு இருபது வயதில் ஒரு பெண் சபை முன் முழங்கால் போடுவது சடங்குக்காக அல்ல. அதற்கு முன்னால் வீட்டைவிட்டுப் போனால் பெற்றோர் அழுவார்கள், அவ்வளவுதான். எடுத்த பிறகு போனால் விலக்கிவைப்பார்கள். ஒரே மேசையில் சாப்பிட மாட்டார்கள், அவள் கையிலிருந்து ஒரு பொருளை வாங்க மாட்டார்கள். இந்த விலக்கல் விஷயத்தில்தான் யாக்கோபு அம்மான் என்ற சபைத் தலைவர் 1693-இல் அந்த முன்னோர் வழிவந்த மற்றவர்களோடு முறித்துக்கொண்டார், ஆமிஷ் என்ற பிரிவே பிறந்தது. ஆமிஷ் அல்லாத பையன்மேல் அவளுக்குக் காதல் என்றால், முழங்கால் போடுமுன் அது வெறும் தடை, போட்ட பிறகு கொடுத்த வாக்கை முறிப்பது. பல நாவல்கள் இதைச் சொல்லாமலே நம்மை அழவைக்கப் பார்க்கும். அந்தப் பையன் கடைசி இரண்டு அத்தியாயத்தில் ஆமிஷ்காரர் பேசும் ஜெர்மன் கற்று, காரை விற்று, சபையில் சேர்ந்துவிடுவான். நிஜத்தில் வெளியாட்கள் அப்படிச் சேர்ந்து நிலைப்பது அபூர்வம். அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளுங்கள்.

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: சபை ஊழியரை, அதாவது போதகரை, தேர்ந்தெடுக்கும் நாள். எல்லாப் புத்தகத்திலும் வராது, வந்தால் விடாதீர்கள். சபையார் ஒவ்வொருவராக ஒரு பெயரை மெதுவாகச் சொல்வார்கள். போதிய பேர் சொன்ன ஆண்களின் எண்ணிக்கைக்குச் சமமாக மேசையில் பாட்டுப் புத்தகங்களை வைப்பார்கள். ஒன்றில் மட்டும் ஒரு சீட்டு, அதில் ஒரு வேத வசனம். ஆளுக்கொரு புத்தகத்தை எடுக்க, பிஷப் வரிசையாகத் திறந்து பார்ப்பார். சீட்டு யாரிடமோ, அவர் ஆயுசு முழுக்க ஊழியர். சம்பளம் இல்லை, வேதாகமக் கல்லூரிப் படிப்பு இல்லை, நாளைக் காலை வழக்கம்போல மாடு கறக்க வேண்டும். பெஞ்சில் மனைவி விசும்புவாள். சந்தோஷத்தில் அல்ல, வந்து விழுந்த பாரத்தில். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்ற நீதிமொழிகள் வசனத்தை நாமெல்லாம் மனப்பாடமாகச் சொல்வோம். அதற்குத் தன் வாழ்க்கையையே கொடுக்கிறவரை இந்தக் காட்சியில்தான் நான் பார்த்தேன்.

கல்யாணக் காட்சியை வைத்து எழுத்தாளர் எவ்வளவு விசாரித்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம். மோதிரம் மாற்றினாலோ எல்லார் முன்னும் முத்தமிட்டாலோ, சரி, பென்சில்வேனியாவில் ஆமிஷ்காரர் நிறைய வாழும் லங்காஸ்டர் பக்கமே அவர் வரவில்லை. இங்கே வழக்கமாக அறுவடை முடிந்து நவம்பர் வாக்கில், செவ்வாய் அல்லது வியாழனில் கல்யாணம். மணப்பெண் நீல உடை போடுவது சகஜம். விருந்தில் செலரித் தண்டு கட்டாயம் என்பதால், ஒரு வீட்டுத் தோட்டத்தில் அது அளவுக்கு மீறி வளர்ந்தால் அங்கே கல்யாணம் வருகிறது என்று அக்கம்பக்கத்தார் கணக்குப் போட்டுவிடுவார்கள். நம் ஊர்ப் பெரியம்மாக்கள் தோற்றார்கள்!

இனி மன்னிப்பு. இது இல்லாத ஆமிஷ் நாவல் இல்லை. பெரும்பாலும் கோபம் மெதுவாக வடிந்து, கடைசி அத்தியாயத்தில் மனசு லேசாகி, அப்புறம் மன்னிப்பார்கள். ஆமிஷ் வழக்கம் தலைகீழ். 2006 அக்டோபர் 2 அன்று இதே லங்காஸ்டர் பகுதியில் நிக்கல் மைன்ஸ் என்ற ஊரின் ஆமிஷ் பள்ளியில் ஆமிஷ் அல்லாத ஒருவன் பத்துச் சிறுமிகளைச் சுட்டான், ஐந்து பேர் இறந்தார்கள். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். அன்று மாலையே ஆமிஷ்காரர்கள் அவன் குடும்பத்தைத் தேடிப்போய் ஆறுதல் சொன்னார்கள். அவன் அடக்கத்துக்கும் போய் நின்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் அதற்குள் தீர்ந்திருக்குமா? மன்னிக்கிற முடிவை முதலில் எடுத்தார்கள், மனசு பின்னால் வரட்டும் என்று விட்டார்கள். நாவலில் மன்னிப்பு வரும்போது எது முதலில் வருகிறது என்று மட்டும் கவனியுங்கள், முடிவா, மனசா? எங்கள் சர்ச் பெண்கள் நடுவில் சண்டையே வந்த கேள்வி இது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தொடரின் முதல் பாகத்தைத் தேடி எடுங்கள், நடுவில் புகுந்தால் அத்தனை குடும்பப் பெயரும் குழம்பும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வரும் குட்டிக் கதைத் தொகுப்புகளை விட்டுவிடலாம், அவற்றில் பனியும் பிஸ்கட்டும்தான் அதிகம்.