லூஜ் வீரர் ஏன் எடை ஏற்றிக்கொள்கிறார்? ஒரு டைல்ஸ், இரண்டு ஐஸ் கட்டி, ஐந்து காகிதக் கப்

சின்னச் சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து ஐஸ் பாதையில் இறங்கும் லூஜ் பந்தயத்தில் எடை குறைந்த வீரர்கள் கூடுதல் எடை கட்டிக்கொள்ள விதியே இடம் தருகிறது. நம் சிவ கேசவன் 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் சறுக்கிய விளையாட்டு இது. "வழுக்குற ஐஸ்ல கனமா இருந்தா என்ன மாமா, லேசா இருந்தா என்ன?" என்றாள் அக்கா பெண். சத்துவாச்சாரி வீட்டுச் சமையலறையில் சோதித்துப் பார்த்தோம்.

டிபன் பாக்ஸில் ஒன்று, சின்னக் கிண்ணத்தில் ஒன்று, அடி தட்டையாக ஐஸ் உறைய வையுங்கள். சறுக்க, மிஞ்சிப்போன தரை டைல்ஸ் போதும். தாம்பாளம் வேண்டாம், நடுவில் குழிந்திருக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே வைத்தால் ஒட்டிக்கொள்ளும். மேலே வெள்ளைப் பனி போகும்வரை பொறுங்கள். வேலூர் வெயிலில் அதற்கு நேரமே ஆகாது.

டைல்ஸின் ஒரு முனையை நோட்டுகளால் உயர்த்துங்கள். இங்கேதான் நான் ஒரு ஞாயிறு முழுக்கத் தடுமாறினேன். கட்டி தானாக எப்போது நகர்கிறது என்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு எண். அது நின்ற பொருளைக் கிளப்பும் உராய்வு. நமக்கு வேண்டியது ஓடும்போது உள்ள உராய்வு. ஆகவே விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். நின்றுவிட்டால் சாய்வு போதாது, வேகம் கூடினால் அதிகம். ஒரே சீராகப் போனால் சரி. உயரத்தை நீளத்தால் வகுங்கள், அதுதான் உராய்வின் அளவு: 60 செ.மீ. டைல்ஸ் 3 செ.மீ. உயர்ந்தால் 0.05. போன் செயலியை நம்பாதீர்கள், சாய்வே மூன்று டிகிரிதான். அரை டிகிரி பிசகினால் கணக்கு போச்சு. ஸ்கேல்தான் நல்லது.

பெரிய கட்டிக்கும் சின்னதுக்கும் கிட்டத்தட்ட அதே சாய்வுதான் வரும். எடை கூடினால் இழுப்பும் உராய்வும் சேர்ந்தே கூடுகின்றன. அப்படியானால் எடை எதற்கு?

காற்றுக்கு. லாங் பஜாரில் வாங்கிய கப்கேக் காகிதக் கப் ஒன்றை 1 மீட்டரிலிருந்தும், நான்கை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி 2 மீட்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் விடுங்கள். ஏறக்குறைய சேர்ந்தே தரையைத் தொடும். அதாவது நான்கு கப் அடுக்கு இரட்டை வேகத்தில் இறங்குகிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்கு. அதைச் சமாளிக்க நான்கு மடங்கு எடை. கனமானவரும் லேசானவரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காற்றைத்தான் கிழிக்கிறார்கள், ஆனால் கனமானவரை இழுக்கும் விசை அதிகம்.

பிற்சேர்க்கை: கப் பக்கவாட்டில் பறக்கிறது என்று ஆரணியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஃபேனை நிறுத்துங்க சார். அப்புறம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் டைல்ஸைத் துடையுங்கள். தேங்கிய தண்ணீர் கட்டியைப் பிடித்துக்கொள்கிறது.