உதைப்பாளரை மாற்றும்போது குறியையும் கால்வலுவையும் எடைபோடுவது

அமெரிக்கக் கால்பந்தில், கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துப் புள்ளி சேர்க்கும் உதைப்பாளரை மாற்ற நினைக்கும் பயிற்சியாளர், மொத்த வெற்றி விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 40 கெஜத்துக்கு உட்பட்டவை, 40 முதல் 49 வரை, 50-உம் அதற்கு மேலும் என ஒவ்வோர் உதையையும் தொலைவுவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் நின்ற கோட்டுடன் ஏறத்தாழ 17 கெஜம் கூடும் என்பதால், எதிரணியின் 30 கெஜக் கோட்டில் தடைபட்ட அணிக்கு வாய்ப்பது 47 கெஜ உதை.

தவறிய உதையால் 3 புள்ளிகள் மட்டும் போவதில்லை. அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். விதிப்படி, நீண்ட உதை தவறினால், உதைத்த இடத்திலேயே எதிரணிக்குப் பந்து கிடைத்துவிடுகிறது. 2015 முதல், டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் கூடுதல் புள்ளிக்கான உதையும் 33 கெஜத்துக்குத் தள்ளிப்போயிருப்பதால், அந்தத் தொலைவில் தடுமாறுபவரை, அவருடைய கால் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

தேர்வு நாளில் பந்தைப் பின்னால் எறிபவரும் பிடித்து நிறுத்துபவரும் உங்கள் அணியினராகவே இருக்கட்டும். பந்து போகும் திசையைவிட ஊன்றுகாலைக் கவனியுங்கள்: பத்து உதைகளிலும் அது பந்துக்குப் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் பதிகிறதா? தவறிய பந்துகள் எல்லாம் ஒரே பக்கம் விலகினால் பெரும்பாலும் திருத்திவிடலாம்; இருபுறமும் சிதறினால் திருத்துவது கடினம்.

வலுவைக் கம்பத்தின் பின்புறம் நின்று அளவிடுங்கள். 45 கெஜத்திலிருந்து வரும் பந்து குறுக்குக் கம்பியைத் தாராளமான உயரத்தில் கடந்தால் போதும். தொடக்க உதையைப் பன்ட் அடிப்பவரிடம் (பந்தைக் கையிலிருந்து விட்டு, எதிரணிப் பக்கம் தொலைவாக உதைப்பவரிடம்) ஒப்படைக்க முடிகிற அணி, வலு சற்றுக் குறைந்த துல்லியமானவரைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.